கோல் வித்தியாசத்தில் வென்ற பட்டம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

செல்சி மகளிர் அணியின் 2023-24 பருவத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் கழகத்தை விட்டு விலகிய ஆண்டில் அந்த அணி தொடர்ந்து ஐந்தாவது முறையாக இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றதை, மிகக் கடினமாக ஈட்டப்பட்ட வெற்றி என்று எழுதியிருந்தீர்கள். நான் மான்செஸ்டர் சிட்டியின் ரசிகன். எனக்கு வருத்தம் இருப்பது இயல்புதான் என்றாலும், அதைத் தள்ளிவைத்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

இரு அணிகளும் 55 புள்ளிகளோடு முடித்தன. அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்துப் பார்க்கும் கோல் வித்தியாசத்தில்தான் பட்டம் செல்சிக்குப் போயிற்று. ஒன்றோடு ஒன்று மோதிய இரண்டு ஆட்டங்களில் ஒன்றைச் சிட்டி வென்றது, மற்றொன்று சமநிலையில் முடிந்தது. புள்ளிகள் சமமானால் நேரடி மோதல்களைப் பார்க்கும் ஸ்பெயினின் விதி இங்கும் இருந்திருந்தால் சிட்டிதான் சாம்பியன். செல்சியைத் தூக்கிவிட்டது, கீழ்ப்பிரிவுக்கு இறங்குவது ஏற்கெனவே உறுதியாகிவிட்ட பிரிஸ்டல் சிட்டியை 8-0 என்று அடித்த ஓர் ஆட்டம். அதற்கு நான்கு நாள்களுக்கு முன்னர்தான் பட்டம் கைநழுவிப் போய்விட்டது என்று ஹேய்ஸே சொல்லியிருந்தார். எங்கள் கதீஜா ஷா காயமடையாமல் இருந்திருந்தால் கதையே வேறு. இதை உழைப்பு என்பதா, அதிர்ஷ்டமும் பணமும் என்பதா?

எம்.

அன்புள்ள எம்.,

நீங்கள் குறிப்பிட்ட தகவல்கள் யாவும் சரியானவை. நேரடி மோதல்களைக் கொண்டு தீர்த்திருந்தால் கோப்பை மான்செஸ்டருக்குத்தான் போயிருக்கும். ஆனால் அந்த இரண்டு ஆட்டங்களையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 2023 அக்டோபர் 8 அன்று சிட்டியின் ஜோயி மைதானத்தில் அந்த அணியின் க்ளோயி கெல்லி தொடக்கத்திலேயே கோல் அடித்துவிட்டார். முதல் பாதி முடிவதற்குள் சிட்டியின் அலெக்ஸ் கிரீன்வுட், ஃப்ரீ கிக் எடுக்கத் தாமதித்தார் என்பதற்காக இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற்றப்பட்டார். இரண்டாம் பாதியில் லாரன் ஹெம்ப்பும் வெளியேற, சிட்டி ஒன்பது பேரோடு நின்று தடுத்தாடியது. 96ஆவது நிமிடத்தில்தான் செல்சியின் குரோ ரைட்டன் கோல் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கிரீன்வுட்டுக்குக் காட்டப்பட்ட அந்த அட்டை மிகக் கடுமையானது என்றே இன்றும் கருதுகிறேன். ஒன்பது பேருக்கு எதிராக அவ்வளவு நேரம் திணறிய செல்சியிடமும், கடைசிவரை விடாமல் முயன்றதைத் தவிர, அன்று பாராட்டுவதற்கு எதுவும் இல்லை.

ஆனால் அந்த ஒரு கோல் விழாமல் போயிருந்தால் பருவ முடிவில் சிட்டி 57, செல்சி 54 என்று நின்றிருக்கும். நீங்களும் நானும் கோல் வித்தியாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். பிப்ரவரி 16 அன்று செல்சியின் கிங்ஸ்மெடோ மைதானத்துக்கே வந்து, ஷாவின் கோலால் 1-0 என்று சிட்டி வென்றபோது அவர்கள்தான் மேலான அணி, அதில் எனக்கு மறுப்பு இல்லை. அப்படியும் அவர்கள் நவம்பரில் தங்கள் சொந்த மைதானத்தில் பிரைட்டனிடம் 0-1 என்று தோற்றார்கள், ஆர்சனலிடம் இரண்டு முறை தோற்றார்கள். பன்னிரண்டு அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டங்கள் என்று அமைந்த லீக்கில், அந்த 22இல் இரண்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு சாம்பியனைத் தீர்மானிப்பதைவிட எல்லாவற்றையும் கணக்கில் கொள்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது. ஸ்பெயினின் விதிக்கும் அதற்கான தர்க்கம் உண்டு. ஆனால் இங்கே எந்த விதியின் கீழ் ஆடுகிறோம் என்பது முதல் ஆட்டத்துக்கு முன்பே இரு அணிகளுக்கும் தெரியும்.

அந்த விதியின் கசப்பை ஹேய்ஸைவிட நன்றாக அறிந்தவர் அதிகம் இருக்க முடியாது. 2014இல் பட்டத்துக்கான முதலிடத்தோடு கடைசி நாள் ஆட்டத்துக்குப் போன செல்சி, சிட்டியிடம் 1-2 என்று தோற்றது. அதே நாளில் வென்ற லிவர்பூல், செல்சியோடு புள்ளிகளில் சமமாக வந்து, கோல் வித்தியாசத்தில் சாம்பியன் ஆனது. அன்று செல்சியின் பயிற்சியாளர் ஹேய்ஸ்தான். கழகத்துக்கு முதல் லீக் பட்டத்தைப் பெற்றுத்தர அவர் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி அந்த எட்டு கோல்களுக்கு வருகிறேன். பருவத்தின் முடிவில் செல்சி 71 கோல்கள் அடித்து 18 வாங்கியிருந்தது. சிட்டி 61 அடித்து 15 வாங்கியிருந்தது. அதாவது வித்தியாசம் முறையே 53, 46. பிரிஸ்டலுக்கு எதிரான அந்த ஆட்டத்தைச் செல்சி 8-0 என்று அல்லாமல் வெறும் 1-0 என்று வென்றிருந்தால் இரண்டு அணிகளும் 46இல் சமமாக நின்றிருக்கும். அப்போது பார்க்கப்படும் அடுத்த அளவுகோல் அடித்த கோல்களின் எண்ணிக்கை. அதில் செல்சிக்கு 64, சிட்டிக்கு 61. பட்டம் அப்போதும் லண்டனுக்குத்தான் போயிருக்கும். பலவீனமான ஓர் அணியை அடித்து நொறுக்கியதால் கிடைத்த பட்டம் என்ற உங்கள் வாதம் இந்தக் கணக்கின் முன்னால் நிற்கவில்லை.

இருந்தாலும் மே மாதத்தின் அந்த முதல் ஐந்து நாள்கள் அசாதாரணமானவை என்பதில் ஐயம் இல்லை. அதற்கு முன்பே செல்சிக்கு மார்ச் 31இல் லீக் கோப்பை இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஆர்சனலிடம் தோல்வி, ஏப்ரல் 14இல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோல்வி. பார்சலோனாவின் ஊரிலேயே எரின் கத்பெர்ட்டின் கோலால் 1-0 என்று வென்ற பிறகு, ஏப்ரல் 27இல் சொந்த ஊரில் 0-2 என்று தோற்று சாம்பியன்ஸ் லீக்கிலிருந்தும் வெளியேற்றம். அதற்கு அடுத்த ஆட்டம்தான் மே 1 அன்று லிவர்பூலுக்கு எதிராக நடந்தது. 3-4 என்று தோற்றார்கள். அந்த இரவில் சிட்டி ஆறு புள்ளிகள் முன்னால் இருந்தது, கோல் வித்தியாசத்திலும் எட்டு மேலே இருந்தது. செல்சியின் கையில் மிஞ்சியிருந்தது கூடுதலாக ஓர் ஆட்டம் மட்டுமே. நான்கு கோப்பைகளுக்காகத் தொடங்கிய பருவம் அது. நான்காவதும் போயிற்று என்று ஹேய்ஸ் சொன்னதை மன உறுதியின்மை என்று வாசிப்பவர்கள் உண்டு. எதிரணியைக் குழப்புவதற்கான தந்திரம் என்று வாசித்தவர்களும் உண்டு. களைத்துப்போன ஒருவர் தன் கண் முன்னால் இருந்த புள்ளிப் பட்டியலைப் பார்த்து உண்மையைச் சொன்னார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மே 5 அன்று ஆர்சனலுக்கு எதிராக ஹெம்ப்பின் கோலால் முன்னிலையில் இருந்த சிட்டி, ஆட்டம் முடியும் வேளையில் ஸ்டீனா பிளாக்ஸ்டீனியஸிடம் அடுத்தடுத்து இரண்டு கோல்கள் வாங்கி 1-2 என்று தோற்றது. அதே நாளில் செல்சி பிரிஸ்டலை எதிர்கொண்டது. காலையில் எட்டு கோல் பின்தங்கியிருந்த அணி, இரவில் ஒரு கோல் முன்னால் இருந்தது. புள்ளிகளில் மூன்று பின்னால், கையில் ஓர் ஆட்டம் கூடுதல். எட்டு கோல்களுக்குக் காரணம் பிரிஸ்டலின் பலவீனம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் நான்கு நாள்களுக்கு முன்பு எல்லாம் முடிந்துவிட்டது என்று கேட்ட வீராங்கனைகள், ஐந்தாவது கோலுக்குப் பிறகும் பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு நடுவட்டத்துக்கு ஓடும் மனநிலையில் இருந்தால்தான் எட்டு வரும்.

அடுத்து மே 15 அன்று டாட்டனத்துக்கு எதிராக ஒரே ஒரு கோலில் வென்றார்கள். அதை அடித்த மைகா ஹமானோவுக்கு அப்போது இருபது வயது நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை; முந்தைய ஆண்டு முழுவதும் ஸ்வீடனின் ஹம்மார்பி அணிக்கு இரவலாக அனுப்பப்பட்டிருந்தவர், செல்சிக்காக அடித்த முதல் கோல் அது. பருவத்தின் கோல்களில் எதை மறுபடி பார்ப்பேன் என்று கேட்டால் ரைட்டனின் கோலையும் இதையும்தான் சொல்வேன். மே 18 அன்று ஓல்ட் டிராஃபர்டில் யுனைடெட்டுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே மய்ரா ரமிரெஸ் தொடங்கிவைத்து, இடைவேளைக்குள் நான்கு கோல்கள் விழுந்து, 6-0 என்று முடிந்த ஆட்டத்தை எல்லோரும் பேசுகிறார்கள். யுனைடெட் அதற்கு ஆறு நாள்கள் முன்புதான் வெம்ப்லியில் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்தது. ஆறாவது கோலை அடித்தவர், ஒன்பது ஆண்டுகள் ஆடிய கழகத்துக்கு அன்று விடைகொடுத்த ஃபிரான் கெர்பி. அதே நேரத்தில் சிட்டியும் ஆஸ்டன் வில்லாவை 2-1 என்று வென்றது, பயன் இல்லாமல் போயிற்று.

ஷா பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. 21 கோல்களோடு லீக்கில் முதலிடத்தில் இருந்தவர், ஏப்ரல் 27 அன்று பிரிஸ்டலில் பாதத்தில் காயம்பட்டுப் பருவத்தின் மீதியை இழந்தார். ஆர்சனலுக்கு எதிராக அவர் இருந்திருந்தால் சிட்டி இரண்டாவது கோலையும் அடித்து ஆட்டத்தை முடித்திருக்கக்கூடும். ஆனால் செல்சி தன் முதன்மையான கோல் வீராங்கனை சாம் கெர்ரை ஜனவரியிலேயே முழங்கால் தசைநார்க் காயத்தால் இழந்தது. 13 கோல்கள் அடித்திருந்த லாரன் ஜேம்ஸும் கடைசிக் கட்டத்தில் காயத்தோடு போராடினார். இரண்டு அணிகளுக்கும் ஒரே வகைத் துயரம் நேர்ந்தது, ஒன்றிடம் மட்டுமே அதற்கு மாற்று இருந்தது. அந்த மாற்று எங்கிருந்து வந்தது என்று கேட்கும்போது பணத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வந்துவிடுகிறோம்.

கெர் காயமடைந்த அதே மாதத்தில் செல்சி லெவான்டேயிலிருந்து ரமிரெஸை வாங்கியது, பிரித்தானிய மகளிர் கால்பந்தில் அதுவரை யாரும் கொடுத்திராத தொகையைக் கொடுத்து. ஓல்ட் டிராஃபர்டில் இரண்டு கோல்கள் அடித்தவர் அவர்தான். இன்னொரு பக்கம், கழகத்தின் பயிற்சிக்கூடத்திலேயே வளர்ந்த ஆகி பீவர்-ஜோன்ஸ், பல ஆட்டங்களில் மாற்று வீராங்கனையாக இறங்கியே 11 லீக் கோல்கள் அடித்தார். ஆகவே பணம் மட்டும் என்று சொன்னால் பொய்யாகும், பணம் இல்லை என்று சொன்னாலும் பொய்யாகும். சிட்டியும் பணக்காரக் கழகம்தான் என்பதால், இந்த இரண்டுக்கும் இடையில் பணத்தைக் காரணம் காட்டுவதை மட்டும் நான் ஏற்கவில்லை.

பணத்தின் கதையை நான் பார்க்கும் இடம் பிரிஸ்டல். 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, ஆறு புள்ளிகள், சிட்டியிடம் 0-4 என்று தோற்ற நாளில் கீழிறக்கம் உறுதி, எட்டு நாள்கள் கழித்து செல்சியிடம் 0-8. அந்த வீராங்கனைகள் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றுத்தான் மேலே வந்திருந்தார்கள். வென்று வந்த ஓர் அணி ஒரே ஆண்டில் இப்படி ஆவதற்கு அவர்களின் திறமைக் குறைவு மட்டுமே காரணமாக இருக்க முடியாது. 2023இல் இதே லீக்கிலிருந்து இறங்கிய ரெடிங், ஓராண்டு கழித்து, 2024 கோடையில், பணம் இல்லாமல் இரண்டாம் பிரிவிலிருந்தும் விலகி ஐந்தாம் அடுக்குக்குப் போயிற்று. எட்டு ஆண்டுகள் முதல் பிரிவில் ஆடிய கழகம் அது. சமநிலையை உடைக்கும் விதியை மாற்றினால் இவற்றில் எதுவும் மாறாது. லீக்கின் ஒளிபரப்பு வருமானத்திலும் பெரிய கழகங்களின் செலவிலும் கைவைத்தால்தான் மாறும். அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் இன்னொரு கடிதம் எழுதினால் பெரும்பாலும் உங்களோடு உடன்படுவேன்.