செந்தண்ணியில் ஏறும் மீன்

அன்புள்ள ஐயா,

போன வாரம் சேர்வராயன் மலையில் நல்ல மழை. எங்கள் ஓடையில் செந்தண்ணி வந்த மறுநாள் காலை, கெண்டைகள் கூட்டமாகத் தண்ணீரை எதிர்த்து ஏறின. பையன்கள் கொசுவலையைக் குறுக்கே கட்டி வாளி வாளியாக அள்ளினார்கள். ‘மழையோடு விழுந்த மீன், யாருக்கு என்ன நட்டம்’ என்கிறார் மாமா. காய்ந்து கிடந்த ஓடைக்கு இவை எப்படி வந்தன? பிடிப்பது தப்பா?

ஓமலூர் வாசகர்

அன்புள்ள தம்பி,

நேற்றுவரை மணல் கிடந்த இடத்தில் இன்று மீன் துள்ளினால் யாருக்கும் வானத்தைத்தான் பார்க்கத் தோன்றும். ஆனால் அவை கீழேயிருந்து வந்தவை. கோடை முழுக்க ஏரியிலும் சரபங்கா ஆற்றின் மடுக்களிலும் ஒதுங்கிக் கிடந்தவை. மலைத்தண்ணீர் இறங்கியதும் நீர் குளிர்கிறது, கலங்குகிறது, இழுக்கிறது. சினைமீனுக்கு அதுதான் அழைப்பு. புதிதாக நனைந்த புல்லும் ஆழமில்லாத ஓரமும் தேடி அது மேலேறுகிறது. பெரிய மீன்களின் வாய் அங்கே குறைவு. பொரித்த குஞ்சுக்கு நுண்ணிரை நிறைய.

இந்த ஓட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ரோகு என்ற பெரிய கெண்டையே சாட்சி. தேங்கிய குளத்தில் எவ்வளவு தீனி போட்டு வளர்த்தாலும் அது தானாக முட்டையிடாது. 1957இல் ஒடிசாவில் மீன் விஞ்ஞானிகள் ஹிராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும், மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றித்தான் அந்த இனத்தைக் குளத்தில் முட்டையிட வைத்தார்கள். வெள்ளம் சும்மா செய்துகொண்டிருந்த வேலை அது! ஒரு கிலோ ரோகுவின் வயிற்றில் லட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும். இட்டால் ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். உங்கள் ஓடைக் கெண்டை சிறிய இனம், அதற்கு ஆயிரக்கணக்கில்தான். ஆனாலும் அந்த வாளியில் போனது அடுத்த வருஷத்து ஏரி மீன், தம்பி. மாமாவிடம் இதை மட்டும் சொல்லுங்கள்.

பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். என் அப்பாவும் மூங்கில் பறி வைத்தவர்தான். விரல் நுழையும் இடைவெளி விட்டு முடைந்தது, ஓடையின் ஒரு ஓரத்தில் மட்டும் வைப்பார், மறுபக்கம் திறந்தே கிடக்கும். கொசுவலை கரைக்குக் கரை அடைக்கிறது, விரல்நீளக் குஞ்சைக்கூட விடுவதில்லை. கேரளத்தில் இந்த ஏற்றத்துக்கு ‘ஊத்த’ என்று பெயர். அந்த நேரத்தில் பிடிக்க அங்கே சட்டப்படி தடை உண்டு.

என்னை வலையைவிட அதிகம் வருத்துவது சிமெண்ட். கடலிலிருந்து காவிரியில் ஏறிய உல்லம் மீன், 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் அருகிப்போனது. அது பெரிய கதை, பலரும் பேசியது. சின்ன ஓடையின் கதையை யாரும் பேசுவதில்லை. தடுப்பணையின் செங்குத்துச் சுவர், பாதைக்கு அடியில் போட்ட குழாயின் வாயில் விழும் இரண்டடி அருவி, இவை போதும் சிறு கெண்டையை நிறுத்த. சுவரடியில் மோதி மோதி ஓய்ந்து கிடக்கும் மீனைப் பார்த்திருக்கிறேன். கொக்கு அங்கேதான் காத்து நிற்கும்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் ஓடையோடு மேலே நடந்து பாருங்கள். எந்த இடத்தில் தண்ணீர் தொங்கி விழுகிறது, எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள். கீழ்ப்பக்கம் கரடுமுரடான கல்லைச் சரிவாக அடுக்கினால் மீன் ஏறிவிடும். ஊராட்சியில் அனுமதி கேட்க நானும் வருகிறேன்.