1967 எம்ஜிபி: எது ஒரிஜினல்?
நீங்கள் வாங்கிய 1967 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பற்றி, விற்றவர் எல்லாமே ஒரிஜினல் என்கிறார், ஆனால் இன்ஜினில் ஒற்றை வெபர் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெபர் பிற்பாடு மாட்டியதுதான், சந்தேகமே வேண்டாம். இந்தக் காரைத் தயாரித்த இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலை அந்த வருஷம் எஸ்யூ கம்பெனியின் எச்எஸ்4 கார்புரேட்டர் இரண்டைப் போட்டுத்தான் வண்டியை அனுப்பியது. அதைத் திரும்ப மாற்றிக்கொள்ளலாம், பெரிய விஷயமில்லை. இன்ஜின்தான் முக்கியம். பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகட்டைப் பாருங்கள்: மார்க் 1 (எம்ஜிபியின் முதல் வடிவம்) வண்டி, 1967-இல் வந்தது என்றால் எண் 18ஜிபி என்று தொடங்க வேண்டும். 48ஜி என்றிருந்தால் அது பின்னாளில் வைத்த மாற்று இன்ஜின்.

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். லூகாஸ் கம்பெனியின் 25டி4 மாடல் தானா பாருங்கள். அதன் உடம்பில் வாரமும் வருஷமும் பொறித்திருக்கும். '14 67' என்றால் 1967-இன் 14-ஆவது வாரம். எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருக்கும், மண்ணெண்ணெய் தொட்டு நன்றாகத் துடையுங்கள்.

இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ் (தொழிற்சாலைப் பதிவேட்டில் உங்கள் வண்டிக்கு உள்ள விவரங்களைத் தரும் சான்று) வாங்கி இன்ஜின் எண்ணை ஒப்பிடுங்கள். அதுவரை பழைய பாகம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.