தேஞ்ச சவரக்கத்தி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பழைய சவரக்கத்தி வாங்கிச் சேக்குறது கொஞ்ச வருசமா எனக்கு ஹாபி. ஆன்லைன்லயும் வாங்குவேன், கும்பகோணத்துல பழைய சாமான் கடையிலயும் வாங்குவேன். போன மாசம் குத்தாலம் பக்கம் ஒரு கிராமத்துல, முடிவெட்டுற பெரியவர் ஒருத்தர் இறந்துபோன வீட்டுலேர்ந்து ஆறு கத்தி மொத்தமா கெடைச்சுது. கத்திக்கு 300 ரூபா கேட்டாங்க, தேஞ்ச சரக்குன்னு பேசி 150-க்கு முடிச்சேன். அதுல ஒண்ண பாத்திரத்துக்கு பாலிஷ் போடுற பட்டறையில குடுத்து பஃப் பண்ணிட்டேன், முகம் பாக்கலாம் போல ஆயிடுச்சு. போட்டோ அனுப்பிருக்கேன். மீதி அஞ்சையும் குடுத்துடலாமா? ஷெஃபீல்டுன்னு முத்திரை இருக்கு, எந்தக் காலத்துதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒண்ணோட பிடி வெள்ளையா இருக்கு, தந்தமா? வெள்ளைக்காரன் இரும்புக்கு ஈடு கெடையாதுல்ல? இதுல ஷேவ் பண்ணலாமா? சாவுக்குப் போன கத்திய வீட்ல வைக்காதீங்கன்னு மனைவி வேற சொல்றாங்க.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகர்

---

தம்பி,

சாதாரணமா இந்த மாதிரி கடிதத்துக்கு நான் ரெண்டு வரி மெயில் போட்டு முடிச்சிருப்பேன். ஆனா எங்க தாத்தாவோட அடப்பம், அதான் நாவிதர் சவரச் சாமான் வெச்சுக்குற பை, இப்ப என் மேஜை மேலதான் இருக்கு, ஊர்ல பரண் ஒதுக்கும்போது கெடைச்சுதுன்னு தங்கச்சி குடுத்தனுப்புனா, அத வெச்சுக்கிட்டு என்ன எழுதுறதுன்னு தெரியாம உக்காந்திருந்தப்பதான் உங்க போட்டோ வந்துச்சு.

சின்னக் கேள்வியெல்லாம் மொதல்ல முடிச்சிடுறேன். ஷெஃபீல்டுங்கிறது இங்கிலாந்துல ஒரு ஊரு. முத்திரையில அந்த ஊர்ப் பேரோட இங்கிலாந்துன்னு நாட்டுப் பேரும் இருந்தா பொதுவா 1890-க்கு அப்புறம்னு வெச்சுக்கலாம், அந்த வருசம் அமெரிக்கா போட்ட சட்டத்தால அங்க போற சரக்குல நாட்டுப் பேர் அடிக்க வேண்டியதாயிடுச்சு. கிரீடம் போட்டு வி.ஆர்.னு இருந்தா விக்டோரியா ராணி காலம், 1837-லேர்ந்து 1901 வரைக்கும். வெள்ளைப் பிடி எலும்பாவும் இருக்கலாம், செல்லுலாய்டாவும் இருக்கலாம். செல்லுலாய்டா இருந்தா அத மட்டும் தனியா வைங்க, அது கெட்டுப்போக ஆரம்பிச்சா அதுலேர்ந்து வர்ற ஆவியே பக்கத்துல இருக்குற கத்தியையும் சேத்து துருப்பிடிக்க வெச்சிடும். தந்தமா இருந்தா 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, வாங்கி விக்கிறது குத்தம், அந்தப் பேச்சே வேணாம்.

வெள்ளைக்காரன் இரும்பு பத்தி ஒண்ணு சொல்லணும். 1800-கள் தொடக்கத்துல லண்டன்ல ஜேம்ஸ் ஸ்டோடார்ட்னு ஒருத்தர் சவரக்கத்தியும் ஆபரேஷன் கத்தியும் செஞ்சு வித்துக்கிட்டிருந்தாரு. ஐரோப்பாவோட நல்ல இரும்ப விட இந்தியாவுலேர்ந்து வர்ற ஊட்ஸ் உருக்குதான் எனக்கு ஒசத்தின்னு கடை அட்டையிலயே அச்சடிச்சு வெச்சிருந்தவரு. மைக்கேல் ஃபாரடே அவரோட சேந்து அந்த உருக்க வெச்சு ஆராய்ச்சி பண்ணி 1820-ல கட்டுரையே எழுதுனாரு. நம்ம ஈரோடு பக்கம் கொடுமணல்ல தொல்லியல்காரங்க தோண்டுனப்போ இரும்பு உருக்குன பழங்கால உலையெல்லாம் கெடைச்சிருக்கு. ஷெஃபீல்டு நல்ல இரும்புதான், நான் இல்லங்கல. ஆனா ஈடு கெடையாதுன்னு யாரு சொல்லிக்குடுத்தது உங்களுக்கு?

சரி, இப்ப தேஞ்ச சரக்குக்கு வர்றேன். இந்த வார்த்தைய படிச்சப்போ எனக்கு வந்த கோவம் இன்னும் அடங்கல.

சவரக்கத்திய அருவாள் தீட்டுற மாதிரி தூக்கிப் புடிச்சுத் தீட்டுறதில்ல தம்பி. கல்லுல தண்ணி விட்டு கத்திய படுக்க வெச்சு, வாயும் முதுகும் ரெண்டும் ஒண்ணா கல்லத் தொடுற மாதிரி தள்ளணும், திருப்பி இழுக்கணும். முதுகோட கனம்தான் கூருக்கு கோணத்தக் குடுக்குது. வாய் தேயுற அளவுக்கு முதுகும் கூடவே தேயுறதால எத்தனை வருசம் ஆனாலும் கோணம் பெருசா மாறாது, அந்தக் கத்திய வடிவமைச்சவனோட மூளை முழுக்க அதுலதான் இருக்கு. முதுகுல ரெண்டு பக்கமும் பட்டையா பளபளன்னு ஒரு தேய்மானம் தெரியுதே, டேமேஜுன்னு வட்டம் போட்டு அனுப்பிருக்கீங்களே, அது ஒரு மனுசன் ஆயுசு முழுக்க ஒழுங்கா தீட்டுனதோட அடையாளம். புதுசுல முக்கா இன்ச் அகலம் இருந்திருக்கும், இப்ப அரை இன்ச் தேறாது. காணாமப்போன அந்தக் கால் இன்ச் எத்தனை தாடை மேல போச்சு, எத்தனை கொழந்தைக்கு மொத முடி எறக்குச்சு, யோசிச்சுப் பாருங்க. மூணாவது கத்தியில நுனிப்பக்கம் மட்டும் ஒடுங்கியிருக்கு, அத வெச்சிருந்தவரு இடது கை விரலால நுனிய அமுக்கிப் புடிச்சு தேச்சிருக்காரு. எங்க தாத்தாவோட கத்தியில பிடிப்பக்கம்தான் அதிகம் தேஞ்சிருக்கும். ரெண்டு பேரோட கையும் வேற வேற, அது இரும்புல அப்படியே நிக்குது. அதத்தான் நீங்க மோட்டர்ல குடுத்து அழிச்சிருக்கீங்க, இன்னும் அஞ்சு இருக்கு அழிக்கட்டுமான்னு என்னையே கேக்குறீங்க!

தேய்மானத்த மட்டும் அழிக்கல, கத்தியையும் கெடுத்துட்டீங்க. வாய் ஓரம் அவ்வளவு மெலிசு, பஃபிங் சக்கரத்துல காட்டுனா கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள சூடேறும். 200 டிகிரியத் தாண்டிப்போச்சுன்னா பதம் எறங்க ஆரம்பிச்சிடும், நீலம் பாஞ்சா முடிஞ்சுது. போட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க, நுனிகிட்ட லேசா நீலம் ஓடியிருக்கு. இனிமே அந்த எடத்துல கூர் நிக்காது. பட்டறைக்காரர் மேல தப்பு இல்ல, அவரு குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் போடுறவரு.

எங்க தாத்தா வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில ஒரு ஊருக்கு நாவிதர். பாட்டிதான் அந்த ஊருக்கு பிரசவம் பாக்குறவங்க. மிராசுதார் வீட்டுக்கு தாத்தா போவாருன்னா வாசல் வழியா போகமாட்டாரு, கொல்லைப்பக்கம் சுத்தி வந்து கெணத்தடியில குந்தியிருப்பாரு, அய்யா எப்ப எழுந்திரிச்சு வர்றாரோ அதுவரைக்கும். மாசச் சம்பளம்லாம் கெடையாது. அறுப்புக் காலத்துல களத்துல ஒரு கட்டு, மரக்கால்ல நெல்லு, அதுவும் தலை தட்டித்தான் அளப்பாங்க. வெள்ளம் வந்து சம்பா சாஞ்ச வருசம் அதுவும் இல்ல, ஆனா வேலை மட்டும் அப்படியே இருக்கும், நெல்லு வெளையலன்னா தாடி வளராம இருக்குமா? அடப்பத்துல ரெண்டு கத்தி வெச்சிருந்தாரு. ஒண்ணு ஜெர்மன் கத்தி, கல்யாண மாப்பிள்ளைக்கும் கொழந்தைக்கும் அதத்தான் எடுப்பாரு. கல்லுல தீட்டி முடிச்சு, தோல்ல இழுத்து, கடைசியா உள்ளங்கையில முன்னயும் பின்னயும் தடவுவாரு, சர் சர்னு ஒரு சத்தம் வரும். அந்த இடது உள்ளங்கை ஓரத் தோலு காஞ்சுபோயி மழமழன்னு இருக்கும், சின்ன வயசுல நான் அதத் தொட்டுப் பாத்துக்கிட்டே தூங்குவேன்.

இந்தக் கத்தியெல்லாம் இப்ப ஏன் பரண்லேர்ந்து எறங்கி வருதுன்னு தெரியுமா? 1986-ல சென்னையில எச்.ஐ.வி. மொதமொதல்ல கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் பயம் பரவி, ஆளுக்கொரு புது பிளேடுன்னு ஆகி, பிளேட பாதியா ஒடிச்சு மாட்டுற கத்திக்கு சலூனெல்லாம் மாறிடுச்சு. அது நல்ல மாத்தம்தான், எனக்கு அதுல மறுபேச்சே இல்ல. ஆனா தீட்டத் தெரிஞ்ச கைக்கு அன்னியோட வேலை போச்சு. அந்தப் பெரியவங்க கத்தியத் தொடச்சு எண்ணெய் தடவி, துணியில சுத்தி வெச்சுட்டு செத்துப்போனாங்க. அந்த வீட்டு வாசல்ல நின்னு கத்திக்கு 150 ரூபா கொறைச்சிருக்கீங்க. ஆன்லைன்ல வெளிநாட்டுக் கத்தின்னா டெலிவரி சார்ஜ், வரி எல்லாம் பேசாம கட்டுறீங்கல்ல?

ஷெஃபீல்டு, முத்திரைன்னு எல்லாம் எழுதுன நீங்க, அந்தப் பெரியவர் பேரை கடிதத்துல ஒரு எடத்துல கூட எழுதல. கேக்கலன்னுதான் நெனைக்கிறேன். திரும்பப் போங்க. கொறைச்ச காசக் குடுத்துட்டு, அவரு பேரு என்ன, எந்தெந்த ஊருக்குப் போவாரு, எந்தக் கத்தி எதுக்கு, யாருகிட்ட தொழில் கத்துக்கிட்டாரு, எல்லாத்தையும் கேட்டு ஒரு நோட்டுல எழுதி அந்தக் கத்தியோட பெட்டியிலயே வைங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்ககிட்ட கேளுங்க, அவங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்.

உங்க மனைவிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. சாவுக்குப் போன கைதான் கல்யாணத்துக்கும் போச்சு. காவேரிப் படித்துறையில பத்தாம் நாள் காரியத்துக்கு செரைச்சுவிட்டுட்டு, குளிச்சுட்டு, மறுநாள் காதுகுத்துக்குப் போயி கொழந்தைக்கு முடி எறக்குவாரு எங்க தாத்தா, ஊர்ல ஒருத்தரும் வேணாம்னு சொன்னதில்ல. அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல, பயம்தான் அவங்களுக்கு. எடுத்துச் சொல்லுங்க, கேட்டுக்குவாங்க.

ஷேவ் பண்ணலாம். செவப்புத் துருவ மட்டும் எண்ணெய் போட்டு மெதுவா எடுங்க, கருப்பா படிஞ்சிருக்குறது இருக்கட்டும், அது கத்திக்கு ஒண்ணும் பண்ணாது. வெளிச்சத்துல சாச்சு வெச்சு வாய் ஓரம் விரிசல் இருக்கான்னு பாருங்க, நகத்தால சுண்டுனா ணங்குன்னு கேக்கணும், சத்தம் செத்துப்போயிருந்தா எடுத்து வெச்சிடுங்க. ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சு, தீட்டி, உங்க ஒருத்தருக்கு மட்டும் வெச்சுக்குங்க. அடமழைக் காலத்துல எண்ணெய் தடவாம வைக்காதீங்க. பஃப் பண்ணுன கத்தியால மட்டும் வேணாம்.

மீதி அஞ்சையும் பட்டறைக்குக் குடுத்துடாதீங்க. தை பொறந்ததும் மாயவரம் வர்றேன், அந்த மூணாவது கத்திய நான் கையில வாங்கிப் பாக்கணும். அந்த வீட்டுக்கும் சேந்தே போயிட்டு வருவோம்.