கூட்டணி நாடுகளின் ராணுவங்கள் கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்ளும்போது தனிநபர் தனியுரிமையை எப்படிக் காப்பாற்றுவது?

டேட்டாபேஸ் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதிவு எடுக்கும் நாளிலேயே காப்பாற்றினால்தான் உண்டு. நாலு நாட்டுக்கு நகல் போன பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆப்கானிஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். செக்போஸ்ட்டில் நிறுத்தப்பட்டவர், முகாமில் வேலைக்கு வந்தவர், குண்டு வைத்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர் என எல்லோருடைய ரேகையும் கருவிழியும் அமெரிக்கப் படைகளின் ஒரே வகைக் கைக்கருவிக்குள் போயின. 2021 ஆகஸ்டில் அவற்றில் சில தாலிபான் கைக்குப் போனதாகச் செய்தி வந்தது. அமெரிக்கப் பணத்தில் உருவான ஆப்கன் ராணுவ, போலீஸ் சம்பளப் பட்டியல் இன்னும் மோசம். ஒரு ஆளுக்குச் சுமார் 40 விவரங்கள். தாத்தா பெயர், வேலையில் சேர ஜாமீன் சொன்ன ஊர்ப் பெரியவர்கள் பெயர், பிடித்த பழம் வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். சம்பளம் போட இதெல்லாம் எதற்கு? அந்தப் பட்டியல் தாலிபானிடம் சிக்கினால் ஜாமீன் சொன்ன பெரியவருக்கும் ஆபத்து.

அப்புறம் 2022-ல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் அமைப்பின் ஆய்வாளர்கள், இதே மாதிரிக் கருவி ஒன்றை ஈபேயில் 68 டாலருக்கு வாங்கினார்கள். மெமரி கார்டில் 2,632 பேரின் பெயர், படம், ரேகை, கருவிழி எல்லாம் அப்படியே இருந்தன. என்கிரிப்ஷன், அதாவது மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது, கிடையாது. கடைசியாக 2012-ல் கந்தஹார் பக்கம் பயன்பட்ட கருவி அது. பத்து வருடம் கழித்தும் அதிலிருந்த விவரம் அழிக்கப்படவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாற்று வழி புதிதல்ல. 2005-ல் ஏழு ஐரோப்பிய நாடுகள் போட்ட ப்ரூம் ஒப்பந்தத்தில், போலீஸ் ஒரு ரேகையை அனுப்பினால் முதலில் 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்ற பதில் மட்டும்தான் வரும். பெயர், முகவரி வேண்டுமானால் தனியாகக் கேட்க வேண்டும். முழுப் பட்டியலும் கைமாறுவதில்லை. ராணுவக் கூட்டணிகளுக்கும் இதுவே போதும் என்பேன். போர்க்களத்தில் நெட்வொர்க் கிடைக்காது என்பார்கள். சரி, அப்படியானால் தேடப்படுபவர்களின் சிறு பட்டியலை மட்டும் கருவியில் ஏற்றி, கெடு முடிந்ததும் தானாக அழியும்படி வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளரையும் சந்தேக நபரையும் ஒரே பட்டியலில் வைக்கவே கூடாது. படை கிளம்பும் முன் ஒவ்வொரு கருவியையும் எண்ணி அழிக்கும் பொறுப்பு எந்த நாட்டுடையது என்று ஒப்பந்தத்திலேயே பெயர் சொல்லி எழுத வேண்டும். பதிவான ஆள் வேறு நாட்டில் தஞ்சம் கேட்கும்போது, தன் விவரம் யார் யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, தப்பிருந்தால் திருத்தச் சொல்ல ஒரு அலுவலகமும் வேண்டும்.