கையெழுத்துப் பந்துகளும் கார்டு கடனும்

கேள்வி: நியூஜெர்சியில் வசிக்கிறோம். பேஸ்பால் வீரர்கள் கையெழுத்திட்ட 40 பந்துகள் என்னிடம் உள்ளன. சான்றிதழ்களின்படி மதிப்பு 30,000 டாலர். கிரெடிட் கார்டில் 22 சதவீத வட்டியில் 14,000 டாலர் நிலுவை. மாதம் 350 டாலர் கட்டுகிறேன். அதே கார்டில் மாதம் 300 டாலருக்குக் கையெழுத்துப் பந்து ‘மர்மப் பெட்டி’ (உள்ளே யாருடைய பந்து என்று தெரியாமல் வாங்குவது) வாங்குகிறேன். இப்போது மைத்துனர், வீட்டின் மீது 9,000 டாலர் கடன் எடுத்துக் பழம்பெரும் வீரர் பேப் ரூத் கையெழுத்திட்ட பந்து ஒன்றைக் கூட்டாக வாங்கலாம் என்று வற்புறுத்துகிறார். மறுத்தால் மனைவி வருந்துவாள். என்ன செய்வது?

பதில்: உங்கள் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. சான்றிதழில் அச்சிட்ட தொகையைக் கையிருப்பாக எண்ணி, அந்தத் தைரியத்தில் கார்டு நிலுவையை உருட்டிக்கொண்டு வருவதுதான் உங்களை அழுத்துகிறது. மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 257 டாலர். நீங்கள் கட்டும் 350-இல் அசலுக்குப் போவது 93, அதன் மேல் புதிதாக ஏறுவது 300. ஆக, தவறாமல் பணம் கட்டியும் கடன் மாதம் சுமார் 200 டாலர் வளர்கிறது.

அந்த 30,000 என்பது விற்றவர்களே போட்ட தொகை. நீங்கள் அனுப்பிய பட்டியலில் 22 பந்துகளுக்கு விற்ற கடையின் சான்றிதழைத் தவிர வேறு ஆதாரம் இல்லை, கையெழுத்தைச் சோதித்துச் சொல்லும் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற நிறுவனங்களின் சரிபார்ப்பு இல்லாத பந்துக்கு நல்ல விலை கேட்பார் இல்லை. 1990களில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில் சிக்கிய கும்பல், ரூத், மிக்கி மேன்டில் போன்ற வீரர்களின் கையெழுத்துகளோடு அன்னை தெரசா கையெழுத்திட்டதாக ஒரு பேஸ்பாலையும் தயாரித்திருந்தது. அந்தப் போலிகளும் சான்றிதழோடுதான் விற்கப்பட்டன.

கையெழுத்து உண்மையானதாகவே இருந்தாலும், ஏராளமாகக் கிடைப்பதற்கு விலை ஏறாது. பேஸ்பால் வீரர் பீட் ரோஸ் பல ஆண்டுகள் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓயாமல் கையெழுத்திட்டவர். உங்களிடம் உள்ள அவருடைய ஆறு பந்துகளும், சான்றிதழ் சொல்லும் 400 டாலரை நெருங்கப் போவதில்லை. இரு தையல்களும் நெருங்கிவரும் ‘ஸ்வீட் ஸ்பாட்’டில், நீல பால்பாயிண்ட் பேனாவால், ஒருவர் மட்டும் இட்ட தெளிவான கையெழுத்தைத்தான் வாங்குபவர்கள் தேடுகிறார்கள். உங்கள் படங்களிலோ சில பந்துகளின் தோல் பழுப்பேறி, மார்க்கர் மை எழுத்தின் ஓரங்களில் கசிந்திருக்கிறது. சரிபார்க்கப்பட்ட 18 பந்துகள் சராசரியாக 250 டாலருக்குப் போனாலும் 4,500. விற்பனைக் கமிஷன் 15 சதவீதம் கழித்தால் கைக்கு வருவது சுமார் 3,800.

மர்மப் பெட்டியை இன்றே நிறுத்துங்கள். பெட்டிக்குள் என்ன போடுவது என்பதை, அடக்க விலை தெரிந்த விற்பவரே முடிவு செய்யும் வியாபாரத்தை முதலீடு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விற்று வரும் 3,800-ஐக் கார்டில் கட்டி, பெட்டிக்குப் போன 300-ஐயும் சேர்த்து மாதம் 650 கட்டினால், மீதி 10,200 டாலர் ஏறக்குறைய 19 மாதங்களில் தீரும்.

ரூத் 1948-இல் இறந்தவர். அவருடைய கையெழுத்து அதிகம் போலி செய்யப்படுபவற்றுள் ஒன்று. ஆனால் மைத்துனரிடம் அதைப் பற்றி வாதாட வேண்டாம், பந்தைப் பற்றிப் பேச்சுப் போனால் அவர் பேசியே உங்களை இணங்க வைத்துவிடுவார். முதலில் இந்தக் கணக்கை மனைவியிடம் காட்டுங்கள். பிறகு, கார்டு கடன் தீரும்வரை வீட்டின் மீது கடன் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருப்பதாக இருவரும் சேர்ந்தே அவரிடம் சொல்லுங்கள். பந்துகளை விற்க அனுப்பும் முன், இணையத்தில் பிறர் கேட்கும் விலையை விட்டுவிட்டு, அதே வீரரின் பந்துகள் கடந்த சில மாதங்களில் உண்மையில் விற்றுமுடிந்த விலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.