வலைப்பூ கேள்வி-பதில்: ‘சூப்பர்’ என்பது கருத்தல்ல

கேள்வி: என் வலைப்பூவின் வடிவமைப்பு ஏதோ சரியில்லை. என்ன செய்யலாம்?

வலைப்பூவின் முகவரி இல்லை. கைப்பேசியிலா கணினியிலா, தெரியாது. எது சரியில்லை என்றும் எழுதவில்லை. ‘உடம்பு சரியில்லை, மருந்து அனுப்புங்கள்’ என்று கடிதம் போட்டால் எந்த வைத்தியர் அனுப்புவார்? முகவரியோடு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து (#999999) வைத்திருக்கிறேன். படிக்கச் சிரமம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். மாற்றியே ஆகவேண்டுமா?

ஆமாம். இரண்டு பேர் மெனக்கெட்டுச் சொல்லியிருக்கிறார்கள், மற்றவர்கள் சொல்லாமலே போயிருப்பார்கள். சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. (எல்லோரும் படிக்கும்படி இணையப் பக்கம் அமைப்பதற்கான வழிகாட்டி) கேட்கும் கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு, 4.5:1. உங்களுடையது 3:1 கூட இல்லை. #767676 மயிரிழையில் தேறும், #333333 என்றால் கவலையே இல்லை. கைப்பேசியை வெயிலில் பிடித்துப் படித்துப் பாருங்கள், புரியும்.

கேள்வி: புது டிசைன் எப்படி இருக்கு என்று பத்து நண்பர்களிடம் கேட்டேன். எட்டுப் பேர் சூப்பர் என்றார்கள், ஒருவர் கலரை மாற்றலாம் என்றார், ஒருவர் கட்டைவிரல் படம் அனுப்பினார். ஆனாலும் முதல் பக்கத்தோடு வாசகர்கள் போய்விடுகிறார்கள். ஏன்?

வாராவாரம் வரும் கேள்வி, வாராவாரம் எரிச்சல். புதுச் சட்டை போட்டுக்கொண்டு ‘எப்படி இருக்கு?’ என்று நின்றால் நண்பன் வேறென்ன சொல்வான்? நீங்கள் கேட்டது கருத்து இல்லை, பாராட்டு. அது கிடைத்துவிட்டது.

கருத்து வேண்டுமென்றால் வேலை கொடுங்கள். ‘போன மாதம் நான் எழுதிய பயணக் கட்டுரையைக் கண்டுபிடி’ என்று சொல்லிக் கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ‘அங்கே இல்லை, மேலே பார்’ என்று நாக்கு துடிக்கும். அடக்குங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டு ஏமாறுகிறது, அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தலைப்புப் பட்டைக்கு இரண்டு வாரம் செலவழித்து, ஊரெல்லாம் சூப்பர் வாங்கியிருந்தேன். அப்புறம் தெரிந்தவர் ஒருவரிடம் இதே மாதிரி ஒரு கட்டுரையைத் தேடச் சொன்னேன். மூலையில் இருந்த மூன்று கோட்டு மெனுவை அவர் தொடவே இல்லை. அலங்காரம் என்று நினைத்தாராம். கொஞ்ச தூரம் உருட்டினார், திரும்ப மேலே வந்தார், ‘எழுதறதையே நிறுத்திட்டீங்களா?’ என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிவொன்றை உச்சியில் ஒட்டி வைத்துவிட்டு நான் மறந்தே போயிருந்தேன். அதன் தேதிதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. சூப்பர் சொன்ன ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

பத்துப் பேரும் தேவையில்லை. ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். பதினைந்து பேர் கிடைத்தால் ஒரே மூச்சில் பார்க்காமல், ஐந்து ஐந்தாக, நடுவில் திருத்தித் திருத்திப் பார்க்கச் சொன்னார். தனி ஆள் வலைப்பூவுக்கு மூன்று பேர் போதும் என்பேன்.

கேள்வி: பக்கப்பட்டி வேண்டும் என்கிறார் ஒருவர், வேண்டாம் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

எதில் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான தீம்களில் (ஆயத்த வடிவமைப்புகளில்) பதிவின் ஓரத்தில் நிற்கும் இந்தப் பட்டி கைப்பேசியில் பதிவுக்கும் கீழே போய்விழும். வேண்டாம் என்பவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். வேண்டும் என்பவர் அதில் எதைத் தேடினார்? தேடல் பெட்டி என்றால் அதை மேலே கொண்டு வாருங்கள். வருகைக் கணக்கையும் கடிகாரத்தையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேள்வி: பத்திகளை இரண்டு ஓரமும் சமமாக வைத்தால் புத்தகம் போல இருக்குமே?

கைப்பேசியில் ஓட்டைப் பல் போல இருக்கும். நம் சொற்கள் நீளம், வரிக்கு மூன்று நான்குதான் கொள்ளும், மிச்சமெல்லாம் இடைவெளி. இடது ஓரம் மட்டும் சமமாக இருக்கட்டும். வரி உயரம் 1.6, 1.7 வையுங்கள், ‘கீ’யின் கொக்கியும் ‘கூ’வின் வாலும் இடித்துக்கொள்ளாது. சாய்வெழுத்து வேண்டாம்.

கேள்வி: முகப்புப் படம் மெதுவாக வருகிறது என்கிறார்கள். வேறு தீம் போடவா?

படம் 4 எம்பி. தீம் என்ன பாவம் செய்தது? அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து வெப்-பி (WebP) என்ற பட வடிவில் சேமியுங்கள். இருநூறு முந்நூறு கேபிக்குள் வந்துவிடும்.

கேள்வி: கிடைத்த கருத்துகளை வைத்து ஒரே இரவில் தீம், எழுத்துரு, நிறம், மெனு எல்லாம் மாற்றினேன். கூகுளிலிருந்து வருபவர்கள் பாதியாகிவிட்டார்கள். எது காரணம்?

நான்கையும் சேர்த்து மாற்றினால் யாருக்குத் தெரியும்? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதற்கும் முன்னால் ஒரு காப்புப் பிரதி. எத்தனை முறைதான் எழுதுவது! சரி, கூகுள் என்று சொன்னதால் ஒன்றைப் பாருங்கள்: பழைய பதிவுகளின் முகவரிகள் இப்போதும் திறக்கின்றனவா? தீம் மாற்றும் மும்முரத்தில் பலர் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) அமைப்பிலும் கைவைத்துவிடுகிறார்கள். ‘பக்கம் இல்லை’ என்னும் 404 வந்தால் பழைய அமைப்புக்கே திரும்புங்கள், முடியாவிட்டால் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாக அனுப்பும் 301 திருப்பிவிடல் போடுங்கள். நிறத்தை அப்புறம் பார்க்கலாம்.