"கூப்" எங்கே வரும், அந்த "எ" எதற்கு?

பாரசீக மொழியில் "நல்ல புத்தகம்" என்பதற்கு "கூப் கெதாப்" (கூப் என்றால் நல்ல, கெதாப் என்றால் புத்தகம்) என்று எழுதி ஆசிரியரிடம் அடி வாங்கினேன், ஏன் என்று புரியவில்லை என்கிறீர்கள். நம் தமிழ்ப் பழக்கம்தான் காரணம், நானும் மாதக்கணக்கில் இதையே செய்தேன். பாரசீகத்தில் பெயர் முதலில், அடைமொழி பின்னால், நடுவில் ஒட்டுப் போட ஒரு சின்ன "எ": கெதாபெ கூப். பெயர் உயிரொலியில் முடிந்தால் அது "யெ" ஆகிவிடும், கானெயெ கூப், அதாவது நல்ல வீடு.

தொல்லை என்னவென்றால் இந்த "எ"யைப் பெரும்பாலும் எழுதவே மாட்டார்கள், வாசிக்கும்போது நாமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். போடாமல் "கெதாப் கூப் அஸ்த்" என்றால் "புத்தகம் நன்றாக இருக்கிறது" என்று முழு வாக்கியம். பேச்சில் அது "கெதாப் கூபெ" என்று சுருங்கிவிடும், இந்தக் கடைசி "எ" வேறு, "அஸ்த்"தின் மிச்சம், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பன்மைக்கு "கூப்" மாறாது, கெதாப்ஹாயெ கூப், அவ்வளவுதான். ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. ஆனால் "மிகச் சிறந்த" என்னும் "பெஹ்தரீன்" மட்டும் நம்மூர் மாதிரி முன்னால் வரும், "எ" கிடையாது: பெஹ்தரீன் கெதாப்.

அப்புறம் உச்சரிப்பு. "கூப்"பின் முதல் ஒலி நம் "க" இல்லை, தொண்டையில் மீன் முள் சிக்கினால் காறுவோமே, அது. குறிலாக "கொப்" என்றால் "சரி, அப்புறம்?" என்று அர்த்தம், ஈரானியர்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்வார்கள். நாம் சொல்லும் "குஷி"கூட அங்கிருந்து வந்ததுதான், ஆனால் அது "கொஷ்" என்ற வேறு சொல்லின் பிள்ளை.